படம் பாராத பெருமான்

சித்திரக்கதை விமர்சனம் என்னும் பேரவையில் தனிச் செங்கோல் ஓச்சும் எம்பெருமானை எந்த நாவால் புகழ்வேன்! புதிய கிராஃபிக் நாவல் எது வந்தாலும், தபால் உறை பிரிந்த மறு நாழிகையில் மதிப்புரையை முடித்தருளும் மகா வேகம் அவருடையது. கட்டத்துக்குக் கட்டம் கண்ணை நிறுத்திப் படம் பார்ப்பதெல்லாம் நம் போன்ற பாமரர் பழக்கம். பேச்சுப் பலூனில் எழுத்திருந்தால் வாசிப்பார். எழுத்தே இல்லாத பக்கமா? அச்சகத்தார் பிழை என்று பெருந்தன்மையோடு மன்னித்துப் புரட்டிவிடுவார்.

2011இல் வந்த 'பீமாயணம்' அவர் கையில் பெற்ற பேற்றைச் சொல்ல வேண்டும். அம்பேத்கரின் வாழ்வைப் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதியர் வரைந்த நூல் அது. அங்கே கனிவான பேச்சுக்குப் பலூன் பறவை வடிவில் இருக்கும். சாதி நஞ்சு கலந்த பேச்சுக்கோ, பலூனின் வால் தேள் கொடுக்காக வளைந்து நிற்கும். சொல்லை வாசிக்கும் முன்பே கண்ணில் கொட்டிவிடும். ஐயன் நான்கு பத்திகளில் அம்பேத்கர் வரலாற்றை அருளிச்செய்து, முடிவில் 'ஓவியங்களும் நன்று' என்று வியாம் தம்பதியரை வாழ்த்தினார். இரண்டே சொல்! வள்ளுவருக்கே ஏழு சீர் தேவைப்பட்டதே.

'வாட்ச்மென்' சித்திரக்கதையின் ஐந்தாம் இதழின் பக்கங்கள், நடுவிலிருந்து இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்தவை. படமும் பலூன் எழுத்தும் டேவ் கிப்பன்ஸ், வண்ணம் ஜான் ஹிக்கின்ஸ். அத்தனையையும் எழுத்தாளர் ஆலன் மூரின் திருவடியில் சமர்ப்பித்து, மற்ற இருவர் பெயரையும் உச்சரிக்காது காத்த நாவடக்கம் முனிவர்க்கும் அரிது. கொலையாளி யாரென்பதை இரண்டாம் வரியிலேயே வாரி வழங்கிய வள்ளன்மையோ, கர்ணனும் காணாதது!

ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்' நூலில் யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். உயிர் பிழைக்கப் போலந்துக்காரராக நடித்துத் தெருவில் நடக்கும் யூதர், எலி முகத்தின்மேல் பன்றி முகமூடி அணிந்திருப்பார். பின்னந்தலையில் முடிச்சிட்ட கயிறு தெரியும். அந்த முடிச்சில்தான் அவர் உயிர். எம்பெருமான் இத்தகைய சில்லறை நுணுக்கங்களில் சிக்குபவரா? மிருகங்கள் பேசுவதால் ஐந்து வயதுச் சிறார்க்கு உகந்த நூல் என்று சான்றளித்தார். 1992இல் அதற்குப் புலிட்சர் சிறப்பு விருது தந்த பெரியோர்க்கும் எட்டாத ஞானம் இது.

அண்மையில் ஒரு ஜப்பானிய மாங்கா அவர் திருமுன் வந்தது. வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டிய நூல். ஐயன் வழக்கம்போல் இடப்புறம் திறந்தார். முடிவில் தொடங்கி முதலில் முடியும் இப்படியொரு துணிச்சலான கதையைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்று நெகிழ்ந்து, ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் அருளியிருக்கிறார்.