பூஸ்டைக் கூட்டினால் பிளாக் தாங்குமா?

கேள்வி: டர்போ காரில் பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டினால் குதிரைவலுவும் கூடுமாமே, எஞ்சின் பிளாக் தாங்குமா?
(திருகோணமலை வாசகர்)

பதில்: விடை திருகோணமலை வானத்திலேயே உறுமிக்கொண்டு பறந்திருக்கிறது! 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து எதிர்த்து எழும்பியவை ஹரிக்கேன்கள். அவற்றின் மூக்கில் 27 லீட்டர் ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின் எஞ்சின். காற்றை அமுக்கித் திணித்தது டர்போ அல்ல. எஞ்சினே பல்சக்கரத்தால் சுழற்றிய சூப்பர்சார்ஜர். ஆனாலும் பிளாக் படும் பாடு ஒன்றுதான்.

100 ஒக்டேன் பெற்றோல் கைக்கு வந்ததும் மெர்லினின் பூஸ்டை ஆறேகால் இறாத்தலிலிருந்து 12க்கு ஏற்றினார்கள். ஏறத்தாழ 1,000 குதிரைவலுவில் தொடங்கிய அதே 27 லீட்டர், போர் முடிவதற்குள் 2,000ஐத் தொட்டது. சும்மா அல்ல. சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பாக இருந்ததில் குளிர்நீர் கசிந்தது. பின்னாளில் இரண்டையும் தனித்தனியே வார்த்தார்கள். எவ்வளவு அழகான வேலை!

டொயோட்டா சூப்ராவின் 2ஜேஇசட் எஞ்சின் பேரெடுத்ததும் இப்படித்தான்: வார்ப்பிரும்பு பிளாக், கிராங்க் தண்டை ஏழு இடங்களில் தாங்கும் பேரிங்குகள்.

மெல்லிய சுவருள்ள அலுமினிய பிளாக் என்றால் கவனம் வேண்டும். ஒக்டேன் குறைந்த பெற்றோலில் பூஸ்டைக் கூட்டி எஞ்சின் தட்டத் தொடங்கினால், பிளாக்குக்கு முன்பே பெரும்பாலும் பிஸ்டன் உடைந்துவிடும்.