எந்த ஊர் அம்மன்?

செல்வந்தர்கள் சித்திரம் சேகரிப்பதில் வியப்பில்லை. ஆனால் தர்மபுரியில், வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் போக எஞ்சுவதைக் கொண்டு, ஜப்பானியர் அச்சிட்ட படங்களை, அதிலும் பங்க் என்னும் கூச்சல் சங்கீதத்தின் வயிற்றில் பிறந்த படங்களை வாங்கிச் சேர்ப்பவன் ஒருவன் இருந்தால், அவனைக் குறித்து உறவினர் கூடிப் பேசுவது இயல்பே.

இந்த வியாதிக்கு மூலபுருஷர் யோஷிடோமோ நாரா. 1959-இல் வட ஜப்பானின் ஹிரோசாகியில் பிறந்து, தாய் தந்தையர் வேலைக்குப் போய்விட, தனித்த வீட்டில் அமெரிக்கப் படைத்தள வானொலியைக் கேட்டு வளர்ந்த அவருக்கு ஓவியத்தை முதலில் அறிமுகம் செய்தவை இசைத்தட்டுகளின் உறைகளே. நியூயார்க்கில் 1974-இல் தோன்றிய ரமோன்ஸ் என்னும் பங்க் குழுவினர், ஆலாபனை முதலிய சம்பிரதாயங்களை அடியோடு துறந்து, சுமார் இரண்டு நிமிஷத்தில் பாடி முடித்து எழுந்துவிடுவார்களே, அந்த அவசரக் கோபத்தை அவர் பெரிய தலையும் சாய்ந்த கண்களும் கொண்ட சிறுமியரின் முகத்தில் ஏற்றிவிட்டார். 1999-இல் உக்கியோ-எ என்னும் புராதன ஜப்பானிய மர அச்சுப்படங்களின் பிரதிகள் மீதே கிறுக்கி, அவற்றுக்குள்ளும் இக்குழந்தைகளைக் குடியேற்றினார். 2019 அக்டோபரில் ஹாங்காங் ஏலத்தில் ‘முதுகுக்குப் பின் கத்தி’ என்னும் அவரது ஓவியம் சுமார் இரண்டரைக் கோடி டாலருக்குப் போயிற்று. படத்தில் கத்தியைக் காணோம். அது விலையில் இருக்கிறது.

ஆகவே நாராவின் கண்காட்சிச் சுவரொட்டிகளோடு நான் திருப்தியடைந்துவிட்டேன். மெய்யான அச்சுப்படம் என்று என்னிடம் இருப்பது, அவர் வழியில் செல்லும் டோக்கியோ இளைஞர் ஒருவர் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கைப்பட எடுத்த, கிடாரும் கையுமாக முறைக்கும் சிறுமியின் படம் ஒன்றே. அதைப் பிரேம் போடக் கடைவீதிக்கு எடுத்துச் சென்றபோது, கடைக்காரர் பயபக்தியோடு இரு கைகளாலும் வாங்கிப் பார்த்து, “இது எந்த ஊர் அம்மனுங்க?” என்றார். உருட்டிய விழி, அடங்காத கோபம், கையில் ஆயுதம் போல் ஏதோ ஒன்று; லக்ஷணங்கள் யாவும் பொருந்தியிருக்க, அவரைக் குறை சொல்வது எப்படி?

“ஜப்பான்” என்றேன்.

“ஜிகினா ஒட்டிரலாங்களா?”

அதை மறுத்ததும், கத்தரிக்கோலை எடுத்து, அடியில் உள்ள வெற்றிடத்தை நறுக்கப் போனார். சேகரிப்பவனுக்கு உயிர் நிலையே அந்த விளிம்புதான். பென்சிலால் 17/50 என்ற எண்ணும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கின்றன. ஐம்பது பிரதிகளோடு அச்சை நிறுத்திவிடுவார்கள், இது பதினேழாவது என்று நான் விளக்கியதைப் பழனி முருகனை டஜன் கணக்கில் விற்கும் அந்த வியாபாரி பொறுமையோடு கேட்டு, “நல்லா ஓடற படத்த யாராச்சும் அம்பதோட நிறுத்துவாங்களா?” என்று அந்த இளைஞருக்காக மனமார வருந்தினார்.

வாசலைப் பார்த்தபடி படம் மாட்டப்பட்ட வாரம் பென்னாகரத்திலிருந்து அத்தை வந்தார். உள்ளே நுழைந்தவர் திடுக்கிட்டு நின்று, ஒரு கணம் அக்குழந்தையை முறைத்து, தோல்வியுற்று, பரம திருப்தியோடு திரும்பினார்.

“திருஷ்டிக்கு நல்லா இருக்குதுப்பா. பூசணிக்கா கட்டுனா அழுகிப் போகுது. என் புது வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிக் குடு.”

உலகத்திலேயே ஐம்பதுதான் உண்டு அத்தை என்றேன்.

“ஒண்ணுதான இங்க இருக்குது? மிச்சம் நாப்பத்தொம்பதுல ஒண்ணு கேளு.”