உங்களுக்காகத்தான் நிற்கிறேன்

சைக்கிள் குழு என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு தியாகி இருப்பார். எங்கள் குழுவிலும் உண்டு. நேரில் சார்; முதுகுக்குப் பின்னால் தியாகி. அவருக்கு ஒருநாளும் கால் வலித்ததில்லை, மூச்சு வாங்கியதில்லை, தாகம் எடுத்ததில்லை. அதெல்லாம் மற்றவர்களுக்குத்தான் வரும். அவர் பார்த்துச் சொல்வார்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். விடிகாலை ஐந்தேகாலுக்குத் திருவான்மியூரில் பதினொரு பேர் கூடியிருந்தோம். தியாகி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அறிவித்தார்: "நான் கடைசியா வர்றேன். யாராவது பின்தங்கினா துணைக்கு ஆள் வேணும்ல?"

அப்போது யாரும் பெடலில் கால்கூட வைத்திருக்கவில்லை.

முட்டுக்காடு பாலத்தில் சூரியன் எழுந்தபோது அவர் பிரேக் பிடித்தார். "பசங்க போட்டோ எடுக்கணும்னு ஆசைப்படுவாங்க." பசங்க அதற்குள் கோவளத்தைத் தாண்டியிருந்தார்கள். பாலத்தில் இருந்தது அவரும் நானும், தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரும். பத்து நிமிடம் பசங்களுக்காக நின்றோம்.

மாமல்லபுரத்தில் எனக்குக் கம்பெனி கொடுப்பதற்காக இரண்டாவது பொங்கல் சொன்னார். நான் சாப்பிட்டது இட்லி.

பாலாற்றுப் பாலம் தாண்டி எங்கள் கூட்டத்து இளைஞன் ஒருவனுக்குப் பின்டயர் பஞ்சர். குழுவே முகம் சுளித்தது. தியாகி முகத்தில் மட்டும் அப்படி ஒரு தெளிவு. புளியமர நிழலில் உட்கார்ந்து மேற்பார்வையைத் தொடங்கினார். பையன் ட்யூபை மாற்றிக் காற்றடிக்கப் போகும்போது, "அவசரப்படாத தம்பி, டயர் உள்ளே தடவிப் பாரு" என்றார். தடவினான், ஒன்றுமில்லை. "இன்னொரு தடவை." இல்லை. "மெதுவா, நகத்தால." மூன்றாவது சுற்றில் அகப்பட்டது: வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த கம்பி, கண்ணிமை முடியளவு. அதை விட்டிருந்தால் புது ட்யூபும் அரைமணியில் போயிருக்கும். இளைப்பாற நினைத்தவர் வாயிலிருந்து இவ்வளவு சரியான யோசனை வந்ததை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

வேகத்தைப் பற்றி அவரிடம் பேசக் கூடாது. "200 கிலோமீட்டர் பிரெவே, அதான் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், அதுக்கே பதிமூன்றரை மணி நேரம் குடுக்குறான் சார். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1,200 கிலோமீட்டர். தொண்ணூறு மணி நேரம். ரோட்டோரமாவே படுத்துத் தூங்கி எழுந்து போவான் அங்கே." இதைச் சொன்னது பரமன்கேணிப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தின் சிமெண்ட் திண்ணையில், ஏறக்குறைய பிரெஞ்சுக்காரன் நிலையில்.

பத்தரைக்கு மேல் கடற்காற்று திரும்பிவிடும். தென்கிழக்கிலிருந்து வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அப்போது முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றை அவர் கிழித்துக் கொடுப்பார். நம் உழைப்பில் கால்வாசியாவது மிச்சம். சைக்கிள்காரர்களுக்கெல்லாம் தெரிந்த வித்தை. முறை வைத்து மாறிக்கொள்வதுதான் மரியாதை. தியாகி என் பின்சக்கரத்தில் வந்து ஒட்டினார். "பயப்படாம போங்க. பின்னாடி லாரி வந்தா முதல்ல என்னைத்தானே இடிக்கும்?" மரக்காணம் வரை எனக்காக அந்த ஆபத்தை அவர் ஒருவரே சுமந்தார். உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். என் சட்டையிலும் விளைச்சல் மோசமில்லை. இளநீர்க் கடையில் அவர்தான் என்னை உட்காரச் சொன்னார். "உங்க முகமே சரியில்ல சார்." அவருக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

காலாப்பட்டு வந்தபோது, ஆச்சரியம், என் கால்கள் புதிதாக இருந்தன. பாண்டி எட்டும் தூரம்தான். பின்னால் அவருடைய செயின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"முடியலையா சார்? நிக்கலாமா?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார். ஒரே மூச்சுல போயிடலாம்."

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஹெல்மெட் பட்டை கன்னத்தில் பதிந்து, உதடு வெளுத்து, மனிதர் ஹேண்டில் பாரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்போதும் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லையே.

நான் பிரேக் பிடித்து இறங்கி ஆடுசதையைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ சார், நரம்பு சுண்டிருச்சு!"

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார். நான் உட்காருவதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார்.

இருபது நிமிடம் கழித்து, "இப்ப தேவலையா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். நிறம் திரும்பியிருந்தது. "தேவலை சார்," என்றேன்.

பாண்டி கடற்கரையில் குளித்து, காபியும் குடித்து முடித்து மற்றவர்கள் காத்திருந்தார்கள். தியாகி சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"இவரைக் கொண்டுவந்து சேர்க்கறதுக்குள்ள..."