பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: சத்தானதாகப் பார்த்து வாங்கினால் மாத பட்ஜெட் எகிறுகிறது. மளிகைக் கடையில் என்னதான் செய்வது?

பதில்: பொட்டலத்தின் முகத்தைப் பார்த்து மயங்காமல், முதுகைப் படியுங்கள்! முகத்தில் கதிரும் தேனும் சிரிக்கும் குழந்தையும் இருக்கும். உண்மை பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான். எடை அதிகமான சேர்மானத்தை முதலில் போட வேண்டும் என்பது விதி. போன வாரம் ஒரு 'பலதானிய' பிஸ்கட்டைத் திருப்பினேன். முதலில் சுத்திகரித்த கோதுமை மாவு, அதாவது நம் மைதா. அடுத்து சர்க்கரை, பாமாயில். கேழ்வரகு கடைசி வரிசையில், 2 சதவீதம்! அதற்கா இத்தனை விலை?

'ஹெல்த் டிரிங்க்' என்றொரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பிலிருந்து பானங்களை எடுத்துவிடும்படி 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசே சொன்னது. அந்த டப்பா காசுக்குக் கேழ்வரகு வாங்கி, கழுவிக் காயவைத்து, மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே அளவு பசும்பாலில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். பிள்ளைகளுக்குக் கூழ் பிடிக்காவிட்டால் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டுங்கள், தட்டு காலியாகும்.

ரேஷனில் கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பை விட்டுவிடாதீர்கள். பச்சைப்பயறு, நிலக்கடலை, முட்டை மூன்றும் வீட்டில் தீராமல் இருக்கட்டும். காய்க்கு உழவர் சந்தை. விடியற்காலையிலேயே போய்விடுங்கள், ஏழரைக்கெல்லாம் நல்ல கீரைக்கட்டு தீர்ந்துவிடும்.