பிரிவுபசாரத்தின் இயக்கவியல்: ரோட்டரிச் சங்கங்களை முன்வைத்து ஒரு முன்னாய்வு

இக்கட்டுரையின் கருதுகோள் ஒன்றே ஒன்று. ரோட்டரிச் சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள்; பீரோ சாவி மட்டும் கைமாறாது. அந்தச் சாவியை வைத்திருப்பவர் ஊரை விட்டுப் போகும்போது நடக்கும் கூட்டத்துக்குப் பிரிவுபசார விழா என்று பெயர். இதற்கெல்லாம் ஆய்வா என்று கேட்பவர்கள், ஜூலை முதல் வாரத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற ஏதாவது ஒரு செயலாளரிடம் பேசிப் பார்க்கலாம்.

முதலில் வரலாறு. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவின் யூனிட்டி கட்டடத்தில், 711ஆம் எண் அறையில் நான்கு பேர் கூடினார்கள். வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலி, சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோயர், தையற்கடைக்காரர் ஹைரம் ஷோரி. கூடிய இடம் லோயருடைய அலுவலகம். அடுத்தடுத்த கூட்டங்கள் ஒவ்வொருவர் இடத்திலும் முறைவைத்து நடந்தன. நால்வரில் லோயரும் ஷோரியும் சில ஆண்டுகளிலேயே விலகிவிட்டார்கள். உலகின் முதல் ரோட்டரிக் கூட்டத்துக்கு இடம் கொடுத்தவரே நிலைக்கவில்லை! ஷீலி மட்டும் ஹாரிஸை விடவில்லை. சிகாகோவின் மவுன்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆக, கழன்றுகொள்வோர், கழலாதோர் என்ற இரு சாதிகளும் இயக்கம் பிறந்தபோதே பிறந்துவிட்டன. 1920இல் சாசனம் பெற்ற கல்கத்தா சங்கத்துக்கும் 1929இல் தொடங்கிய சென்னைச் சங்கத்துக்கும் இந்தப் பாகுபாடு அப்படியே வந்து சேர்ந்தது. சால்வை மட்டும் நம்முடைய கொடை.

ரோட்டரி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். அன்றோடு தலைவரின் கழுத்திலிருந்து காலர் இறங்கும். மணியும் சுத்தியலும் அடுத்தவரிடம் போகும். இறங்கியவர் ஆயுள் முழுவதும் ‘பாஸ்ட் பிரசிடென்ட்’. முப்பது வருஷப் பழைய சங்கம் ஒன்றில் முன்வரிசை முழுக்க இவர்களே உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் இவர்களில் யாருக்கும் மைக் செட்காரர் எண் தெரியாது. பேனரை எந்த லாட்ஜ் மாடியில் விட்டுவிட்டு வந்தோம் என்பதும் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் அந்தச் சாவிக்காரர் ஒருவரே. அவர் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், ஓட்டல் சர்வருக்குக் கண்ஜாடை காட்ட வசதியாக உட்கார்ந்திருப்பார்.

இந்த இடத்தில் சங்கத்தின் சின்னத்தைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அது வெறும் வண்டிச் சக்கரம். மான்டேக் பேர் என்ற செதுக்குக் கலைஞர் வரைந்தது. பிறகு அதற்குப் பற்கள் முளைத்தன. 1920களில் 24 பற்கள், 6 ஆரங்கள் என்று உருவத்தை நிலைப்படுத்தியபோது நடுத்துளையில் ஒரு சிறு பள்ளத்தையும் சேர்த்தார்கள். லேத் பட்டறையில் இதைக் ‘கீவே’ என்பார்கள். சக்கரத்தையும் அச்சையும் பிணைக்கும் சாவிக்கட்டை உட்காருவது அதில்தான். அது இல்லாத சக்கரம் சும்மா சுற்றும், எந்த வேலையையும் கடத்தாது. இந்தக் குறையைப் பொறியாளர்கள் எடுத்துச் சொன்ன பிறகே பள்ளம் வந்தது. மேடையில் இருப்பவர்கள் 24 பற்கள். பின்வரிசைக்காரர் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பவர். இதை நிறுவ இவ்வாய்வாளருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஒப்பீட்டு நோக்கில் அரிமா சங்கத்தையும் பார்த்துவிடலாம். அதே சிகாகோவில் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் உருவானது. கொடி, பேனர், மணி, சுத்தியல் முதலிய தட்டுமுட்டுச் சாமான்களைக் காக்க அவர்கள் ‘லயன் டேமர்’ என்றே ஒரு பதவியை வைத்தார்கள். கூட்டத்தைக் கலகலப்பாக்க ‘டெயில் ட்விஸ்டர்’ என்று இன்னொருவர்; உறுப்பினர்களுக்கு அபராதம் போடுவது அவர் வேலை. ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் கூடாது. வந்திருப்பவர்கள் ஒருவர் விடாமல் சம்மதித்தால்தான் டெயில் ட்விஸ்டருக்கே அபராதம் போட முடியும். இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதியவர்களும் ‘ஒரு வார்த்தை மட்டும்’ என்று மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசுபவருக்குத் தண்டனை வகுக்காமல் விட்டது வியப்பே.

வாழ்த்துரைக்கு வருவோம். அதை அளக்க ரோட்டரியிடமே ஓர் அளவுகோல் உண்டு. 1932இல் நொடித்துப்போகும் நிலையிலிருந்த ஓர் அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் நான்கு கேள்விகளை எழுதினார். 1943இல் ரோட்டரி அதை நான்கு வழிச் சோதனை என்று ஏற்றுக்கொண்டது. சொல்வது உண்மையா, எல்லோருக்கும் நியாயமானதா, நட்பை வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மை தருமா என்பது அதன் சாரம். பிரிவுபசார வாழ்த்துரை எதுவும் முதல் கேள்வியைத் தாண்டியதில்லை. ‘அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை’ என்று மேடையில் முழங்குபவர், போன மாதம் போர்டு மீட்டிங்கில் அதே மனிதரோடு நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சண்டை போட்டவர். இரண்டாம் கேள்வியிலும் தேறாது. மனிதரை வேலை வாங்கியவர்கள் பேசுவார்கள், அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர்கள் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவதில் நூற்றுக்கு நூறு. நான்காவதில் நன்மை பெறுபவர் பூக்கடைக்காரர்.

வருகைப் பதிவு தனி இயல். ஒருவரின் வயதையும் உறுப்பினராக இருந்த ஆண்டுகளையும் கூட்டி 85 வந்து, குறைந்தது 20 ஆண்டு உறுப்பினராகவும் இருந்தால், செயலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருகைக் கட்டாயத்திலிருந்து விலக்குப் பெறலாம் என்று ரோட்டரியில் விதி உண்டு. 35 வயதில் சேர்ந்தவருக்கு 25 ஆண்டு கழித்து, அறுபதாம் கல்யாணச் சமயத்தில், விடுதலை. களத்தில் தெரிவது நேர்மாறு. வராமலிருக்க உரிமை பெற்றவர்தான் முதலில் வந்து ஃபேன் போடுகிறார். வந்தே தீர வேண்டிய இளையவர் சாப்பாட்டு நேரத்துக்கு நுழைந்து கையெழுத்துப் போடுகிறார்.

கணக்கில் வராத ஒருவரும் உண்டு. பெண்களை உறுப்பினராக்கத் தடையில்லை என்று ரோட்டரி தன் விதியைத் திருத்தியது 1989இல்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை, பல ஊர்களில் அதற்குப் பிறகும், உறுப்பினரின் மனைவிக்கு ‘ஆன்’ என்று பெயர். கோலம் போட்டு, குத்துவிளக்குத் துடைத்து, இறைவணக்கம் பாடி, வெளியூர் விருந்தாளிக்கு வீட்டில் சமைத்த அந்த அம்மாளின் ஆண்டுகளைக் கூட்டினாலும் 85 வரும். கூட்டுவோர் இல்லை. விழாவில் அவருக்கும் ஒரு சால்வை உண்டு, ‘அம்மாவையும் மேடைக்கு அழைக்கிறோம்’ என்று கடைசி நேரத்தில் நினைவு வந்தால்.

கேலியைச் சற்று நிறுத்திவைக்க வேண்டிய இடமும் இருக்கிறது. 1985இல் ரோட்டரி போலியோ பிளஸ் திட்டத்தைத் தொடங்கியது. 1995 முதல் இந்தியாவில் பல்ஸ் போலியோ நாட்கள் நடந்தன. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியை வாங்கி, பேருந்து நிலையத்தில் மேசை போட்டு, சொட்டு மருந்து குடித்த குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தவர்களில் இந்தப் பின்வரிசைக்காரர்கள் பலர் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களுக்கு உள்ளூர்ச் சங்கங்கள் தோள் கொடுத்தபோது, எந்த ஊருக்குள் வேன் போகாது, எந்தப் பாட்டி ஆபரேஷன் என்றதும் ஓடிவிடுவாள் என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. இந்தியாவில் காட்டுவகைப் போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது, 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தையை. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. வாழ்த்துரைகளில் இதற்கு ஒரு வரி ஒதுக்கப்படும். விடைபெறுபவர் ஒருமுறை மாவட்ட மாநாட்டில் ‘நலந்தானா’ பாட்டை வாசித்தது பத்து நிமிடம் பேசப்படும்.

சால்வைக்கு அழிவில்லை. பெங்களூரில் மகனுடைய இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் குடிபோகும் மனிதர் பதினேழு சால்வைகளையும் ஆறு கண்ணாடிக் கேடயங்களையும் என்ன செய்வார்? கேடயத்தை வீட்டு வேலைக்கு வருபவர்கூட வாங்க மாட்டார். பெயர் பொறித்திருக்கிறது, அதுவும் இனிஷியல் தப்பாக. சால்வைகளை மட்டும் பிளாஸ்டிக் உறை கிழியாமல் மடித்து, மறுநாளே சங்க பீரோவில் வைத்துவிடுவார். அடுத்த வாரச் சிறப்புப் பேச்சாளரின் தோளில் அவற்றில் ஒன்று ஏறும்.

ஏற்புரையில் அவர் அதிகம் பேச மாட்டார். ‘எனக்குப் பேச வராது’ என்பார். அது உண்மை, அன்றைய கூட்டத்தில் நான்கு வழிச் சோதனையின் முதல் கேள்வியைத் தாண்டிய ஒரே வாக்கியம். பிறகு மணி அடித்து, நாட்டுப்பண் பாடி, ஃபெல்லோஷிப் என்ற பெயரில் எல்லாரும் பரோட்டா குருமாவுக்குக் கிளம்புவார்கள். அன்றைக்கும் ஃபேனை நிறுத்துபவர் அவர்தான்.

ஆகவே செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலைக்குச் சொல்லும் முன் பீரோ சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். சங்க அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். அவர் ஊரில் இருக்கும்போதே பெயர் மாற்றத் தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். மைக் செட்காரர் எண்ணையும் மறக்காமல் கேட்டு வையுங்கள்.