அது எந்த ஊர் வெயில்?

(வீடு கட்டுவோர், வாங்குவோர் கேள்விகளுக்கு மட்டும் இந்த வாரம்)

கே: இன்ஜினியர் கொடுத்த 3டி எலிவேஷனில் எங்கள் வீடு அரண்மனை மாதிரி இருக்கிறது. கட்டி முடித்தாலும் அப்படியே இருக்குமா?
– ராதா நகர் வாசகர்

ப: படத்தில் சிண்டெக்ஸ் டேங்க் இருக்கிறதா? ஏ.சி. அவுட்டோர் யூனிட்? ஈ.பி. மீட்டர் பெட்டி? துணி காயப்போடக் கொடி? இல்லையென்றால் அது குளிக்காத, துவைக்காத, கரண்ட் இல்லாத குடும்பத்தின் வீடு. விட்டுப்போனதெல்லாம் கடைசியில் உங்கள் முன்பக்கச் சுவருக்குத்தான் வந்து சேரும். இப்போதே வரையச் சொல்லுங்கள்.

கே: மேற்குப் பார்த்த மனை. 3டி ரெண்டர் படத்தில் ஹாலுக்குள் வெயில் இதமாக, பொன்னிறமாக விழுகிறது. என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நம்பலாமா?
– ஹஸ்தினாபுரம் வாசகர்

ப: அது எந்த ஊர் வெயில் என்று முதலில் கேளுங்கள். வீடு வரைகிறவர்கள் நிறையப் பேர் வைத்திருக்கும் ஸ்கெட்ச்அப் மென்பொருள், அமெரிக்காவில் போல்டர் என்ற ஊரில் பிறந்தது. 2006-இல் கூகுள் வாங்கியது, 2012-இல் டிரிம்பிள் வாங்கியது. ஆனால் ஊரை நாமாக மாற்றாவிட்டால் அதன் சூரியன் இன்னும் போல்டரிலேயே நிற்கும்.

போல்டர் இருப்பது வடக்கே 40 பாகையில், சென்னை ஓரத்தில் நம் குரோம்பேட்டை 13-இல். டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிப்பொழுதுச் சூரியன் 27 பாகை உயரத்தைத் தாண்டாது. நமக்கு அதே நாளில் 54. அங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கேதான். நமக்கோ ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சந்தலைக்கு வந்து, ஆகஸ்ட் நடு வரை வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ‘வடக்கு ஜன்னல்தானே, சன்ஷேடு எதற்கு’ என்று மிச்சம் பிடித்தவர்கள் அக்னி நட்சத்திரத்தில் திரைச்சீலைக் கடைக்கு ஓடுவது இதனால்தான்.

ஊர் சென்னை, தேதி மே 15, நேரம் மாலை நாலரை என்று வைத்து இன்னொரு படம் போடச் சொல்லுங்கள். மேற்கு ஹாலுக்கு அதுதான் பரீட்சை. மனைவியிடம் காட்டும்போது பக்கத்தில் இருங்கள்.

கே: பத்துக்குப் பத்து பெட்ரூம் படத்தில் கல்யாண மண்டபம் போல் தெரிகிறதே, எப்படி?
– நெமிலிச்சேரி வாசகி

ப: கேமராவைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, அகல லென்ஸ் மாட்டி எடுத்திருப்பார்கள். கணினியில் சுவர் குறுக்கே நிற்காது. நிஜத்தில் மண்டை இடிக்கும். வாசற்படியில், ஐந்தடி உயரத்தில் நின்று பார்ப்பது போல் ஒரு படம் கேளுங்கள். கட்டிலையும் அளந்து பாருங்கள். சில படங்களில் அது தொட்டிலுக்கு அண்ணன்.

கே: ரெண்டரில் பளபளக்கும் குரோமுக்கும் குரோம்பேட்டைக்கும் சம்பந்தம் உண்டா?
– பல்லாவரம் வாசகர்

ப: உண்டு, ஆனால் பளபளப்பில் இல்லை. நம் ஊருக்குப் பெயர் கொடுத்தது குரோம் லெதர் தொழிற்சாலை. அது குரோம் உப்பில் பதனிட்ட தோல். கணினியில் குரோம் குழாய் வரைவது சுலபம், எதிரே இருப்பதைக் காட்டினால் போதும். தோல் சோபாவில் சுருக்கம், மங்கல், தேய்மானம் எல்லாம் வேண்டும். ஊர்ப் பெயரில் கஷ்டமான பாதியை விழுங்கிவிட்டோம்.

கே: ஃபிளாட் விளம்பரத்தில் நீச்சல் குளமும் பூங்காவும் இருந்தன. நேரில் போனால் இரண்டும் இல்லை. படத்தை வைத்து வழக்குப் போடலாமா?
– கிழக்குத் தாம்பரம் வாசகர்

ப: விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம், 2016-இன் 12-ஆம் பிரிவு இழப்பீடு கேட்க வழி தருகிறது. விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணம் வட்டியோடு திரும்ப வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, எட்டு வீட்டுக்கு மேற்படாமலோ கட்டினால் ரெரா பதிவே கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். நம் பக்கத்துத் தெருக்களில் இரண்டு கிரவுண்டு ஃபிளாட்டுகள் எத்தனை என்று ஒரு நடை போய் எண்ணிப் பாருங்கள். அங்கெல்லாம் படம் படம்தான். பூங்கா ஒப்பந்தப் பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

கே: முன்னால் புல்வெளி, ஓரத்தில் மேப்பிள் மரம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வளருமா?
– சிட்லபாக்கம் வாசகி

ப: மேப்பிள் மென்பொருளோடு இலவசமாக வந்தது, வளராது. புங்கை, வேம்பு, நந்தியாவட்டை வைத்து மறுபடி போடச் சொல்லுங்கள். வைக்கும் கன்று உயரத்தில் ஒன்று, பத்து வருஷம் கழித்து ஒன்று என இரண்டு படம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற தோட்டக் கலைஞர் இதையே நீர்வண்ணத்தில் செய்தார்: மேலே ஒட்டிய தாளில் இப்போதைய நிலம், தூக்கினால் வரப்போகும் தோட்டம். சிவப்பு அட்டை போட்டு ஜமீன்தார்களிடம் நீட்டுவார். நம் 3டி ஆட்களுக்கு அவர்தான் கொள்ளுத் தாத்தா.

மரத்தைவிட முக்கியம் தெரு. படத்தில் அது கண்ணாடி மாதிரி, வீட்டுக்கு இரண்டு படி கீழே இருக்கும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் நிஜத் தெரு உயரும். 2015 டிசம்பரில் முடிச்சூரில் நின்ற தண்ணீரை நினைத்துக்கொண்டு தரைமட்டத்தை முடிவு செய்யுங்கள்.

கே: ரிட்டயர் ஆகிவிட்டேன். நானே கற்றுக்கொண்டு என் வீட்டை வரையலாமா? செலவு எவ்வளவு?
– செம்பாக்கம் வாசகர்

ப: பிளெண்டர் மென்பொருளுக்குக் காசே இல்லை. 2002-இல் ரசிகர்கள் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ வசூலித்துக் கொடுத்து, அதை எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய ‘ஃப்ளோ’ அனிமேஷன் படம் அதில் செய்ததுதான். செலவெல்லாம் கம்ப்யூட்டருக்கும், ‘சாப்பாடு ஆறுது’ என்று மூன்று முறை கூப்பிட்டவரைச் சமாதானப்படுத்துவதற்கும்.

கே: ஏ.ஐ.யிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் தருகிறதே?
– அதே வாசகர்

ப: படிகளை எண்ணினீர்களா? பத்தடி உயரம் ஏற, படிக்கு ஏழு அங்குலம் வைத்தால் பதினேழு வேண்டும். ஒன்பதிலேயே அது மாடிக்குப் போய்விடும். நீங்கள் எப்படிப் போவீர்கள்?

கே: வாக்-த்ரூ வீடியோ பார்த்தோம். ஒரு குறையும் இல்லை!
– நியூ காலனி வாசகி

ப: பின்னணியில் புல்லாங்குழல் ஓடியிருக்குமே? அதை நிறுத்திவிட்டு மனையில் போய்ப் பத்து நிமிஷம் நில்லுங்கள். மீனம்பாக்கம் விமானம், மின்சார ரயில், ஜி.எஸ்.டி. ரோடு பஸ் ஹாரன். கச்சேரி வேறு.