சோடா கம்பெனி வாய் திறந்த கதை

1964 அக்டோபரில் அட்லாண்டா நகரத்துக்கு ஒரு தர்மசங்கடம் வந்து சேர்ந்தது. ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு நோபல் பரிசு கிடைத்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் மேளதாளத்தோடு ஸ்டேஷனுக்கே போயிருப்பார்கள். இங்கே சிக்கல் என்னவென்றால், பிள்ளையின் பெயர் மார்ட்டின் லூதர் கிங். வயது 35, நிறம் கறுப்பு. நான்கு வருஷத்துக்கு முன்னால்தான் ரிச்ஸ் என்ற பெரிய கடையின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரப் போனதற்காக அவரைப் பிடித்து ஜெயிலில் போட்டிருந்தார்கள். இப்போது அதே ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும்.

அட்லாண்டா தன்னை ‘வெறுக்க நேரமில்லாத நகரம்’ என்று பீற்றிக்கொள்ளும். வெறுப்பது தப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை, கவனியுங்கள். வேலை ஜாஸ்தி, அவ்வளவுதான்.

பத்திரிகைக்காரர் ரால்ஃப் மெகில், ஒரு யூத குரு, ஒரு கத்தோலிக்கப் பேராயர், மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸ் ஆகிய நால்வரும் சேர்ந்து டிங்க்லர் பிளாசா ஓட்டலில் விருந்து என்று அழைப்பு அனுப்பினார்கள். டிக்கெட் ஆறரை டாலர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தி. பந்தி என்றால் என்னென்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெரிய முதலாளிகளுக்கெல்லாம் தபால் போய்ச் சேரவே இல்லை போலிருந்தது. டிசம்பர் 29-ஆம் தேதி ‘நியூயார்க் டைம்ஸ்’ இந்தக் குடும்ப விவகாரத்தை ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்தது.

இந்த இடத்தில்தான் கோகோ கோலா உள்ளே வருகிறது. அட்லாண்டாவில் பிறந்து, உலகமெல்லாம் ஏப்பம் விட வைத்த கம்பெனி. அதன் பெரியவர் ராபர்ட் உட்ரஃப். பதவியை விட்டு இறங்கிய பிறகும் அவர்தான் ‘பாஸ்’. கல்யாண வீட்டு மூலையில் சாய்வு நாற்காலியில் கிடக்கும் தாத்தா மாதிரி. வாயே திறக்க மாட்டார், ஆனால் அவர் தலையாட்டாமல் தாலி ஏறாது. கறுப்பரும் கோலா குடிப்பார், கறுப்பரைக் கண்டால் முகம் சுளிப்பவரும் குடிப்பார், இரண்டு பேர் காசும் செல்லும். எனவே இந்த மாதிரி விஷயங்களில் கம்பெனியின் வாயில் எப்போதும் கொழுக்கட்டை.

அதன் தலைவர் பால் ஆஸ்டின் தென்னாப்பிரிக்காவில் குப்பை கொட்டிவிட்டு வந்தவர். நிறத்தைப் பார்த்து நாட்டை நடத்தினால் கல்லாப்பெட்டி என்ன ஆகும் என்று கண்ணால் கண்டவர். மேயர் ஐவன் ஆலன் முதலாளிகளைக் கூட்டினார், ஆஸ்டின் பேசினார். கிங்கின் சகா ஆண்ட்ரூ யங் பிற்பாடு சொன்ன கதைப்படி, அந்தப் பேச்சில் பைபிளும் இல்லை, சகோதரத்துவமும் இல்லை. நாங்கள் உலகம் பூராவும் விற்கிறவர்கள், நோபல் வாங்கினவரை மதிக்காத ஊரில் குடியிருக்க வெட்கமாக இருக்கிறது, எங்களுக்கு இந்த ஊர் தேவையில்லை, உங்களுக்கு நாங்கள் தேவையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சாராம்சம் இவ்வளவுதான். காலி செய்துவிடுவேன் என்று வீட்டுக்காரரைக் குடித்தனக்காரர் மிரட்டிய அபூர்வ சம்பவம்!

இரண்டு மணி நேரத்தில் டிக்கெட் அத்தனையும் காலி என்கிறார் யங். போதி மரத்தடியில் புத்தருக்கே இதைவிட அதிக நேரம் பிடித்தது.

1965 ஜனவரி 27 அன்று சுமார் 1,500 பேர் வந்து சாப்பிட்டார்கள். ஊர் சார்பில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் பரிசளித்தார்கள். கடைசியில் எல்லோரும் போராட்டப் பாட்டு வேறு பாடினார்கள். வரி தெரியாத முதலாளிகள் வாயை மட்டும் அசைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இதற்காகக் கிங் காலமெல்லாம் நன்றியோடு கோலா குடித்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது. 1968 ஏப்ரல் 3 அன்று மெம்பிஸில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தக் கூட்டத்தில், அந்த ஊரில் கோகோ கோலா வாங்காதீர்கள் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லச் சொன்னார். வேலைக்கு ஆள் எடுப்பதில் நியாயமில்லை என்பது புகார். கூடவே ஒரு பால் கம்பெனிக்கும் ரொட்டிக் கம்பெனிகளுக்கும் பூசை விழுந்தது. அதுதான் அவர் கடைசிப் பேச்சு. மறுநாள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

கம்பெனிக்கு வாயை மூடத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1977-இல் நம்முடைய அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், பங்கைக் கொடு, சரக்கின் ரகசியத்தையும் சொல் என்று குடைந்தபோது, ரகசியத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் 1993-இல்தான் திரும்பி வந்தது.

வாய் திறக்கத் தயங்குவது கோலா மட்டுமல்ல. 2022 ஜூன் 24-இல் கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் பறித்தபோது டிஸ்னி, ஜேபி மார்கன் முதலான கம்பெனிகள் ஊழியர்களுக்குப் பயணச் செலவு தருவதாகச் சொன்னது ஞாபகம் இருக்கலாம். பல அறிக்கைகளில் கருக்கலைப்பு என்ற சொல்லையே காணோம். ‘பக்கத்தில் கிடைக்காத மருத்துவ வசதி’ என்றார்கள். படித்தால் முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார்கள் என்றே தோன்றும். இந்தக் கூச்சத்துக்கு முந்தின வருஷம் கோலாவுக்கு விழுந்த அடியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

2021 மார்ச் 25-இல் ஜார்ஜியா மாநிலம் ஒரு தேர்தல் சட்டம் போட்டது. வாக்குச்சாவடிக்கு 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்கு யாராவது தண்ணீர் கொடுத்தால் குற்றம். தாகத்தை நம்பிப் பிழைக்கும் கம்பெனியின் சொந்த ஊரில்! முதலில், ஏன் பேசவில்லை என்று ஒரு கோஷ்டி திட்டியது. ஆறு நாள் கழித்துக் கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் குவின்சி, இதை ஏற்க முடியாது என்றார். உடனே, ஏன் பேசினாய் என்று மற்ற கோஷ்டி பாய்ந்தது. எட்டு எம்.எல்.ஏ.க்கள் தங்கள் அலுவலகத்திலிருந்து கோலாவை அப்புறப்படுத்தச் சொல்லிக் கடிதமே எழுதினார்கள். செனட்டர் மிட்ச் மெக்கானல், கம்பெனிகள் அரசியலில் மூக்கை நுழைக்கக் கூடாது என்றார். நன்கொடையைச் சொல்லவில்லை என்று மறக்காமல் விளக்கமும் கொடுத்தார். டிரம்ப் ஏப்ரல் 3-இல், கோலாவைப் புறக்கணியுங்கள் என்று அறைகூவினார்.

இரண்டு நாளில் அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று வெளிவந்தது. டெலிபோனுக்குப் பின்னால், வாத்தியாருக்குப் பயந்த பையன் மாதிரி ஒளிந்து நின்றது ஒரு பாட்டில். பார்த்தால் டயட் கோக் போலவே இருந்தது.